இடக்கைக்கு ஒரு கைவார்: கப்பல் பட்டறைக் குறிப்புகள்

கித்தான் தைப்பவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் தோல் வார் ஒன்று உண்டு. கட்டைவிரலுக்கு ஒரு துளை, உள்ளங்கையின் அடிமேட்டில் குழிகுழியாக ஓர் உலோக வில்லை. ஊசியின் காதுப் பக்கத்தை அந்தக் குழி ஒன்றில் நிறுத்தித் தள்ளினால் விரல் நுனிக்குப் பதிலாக மொத்தக் கையின் பலமும் ஊசியில் இறங்கும். நாலு மடிப்புக் கித்தானையும் துளைத்துவிடலாம். கப்பலில் ‘செயில்மேக்கர்ஸ் பாம்’ என்பார்கள். இங்கே கைவார் என்றே எழுதுகிறேன்.

சரக்குக் கப்பலில் பாய் கிடையாது, ஆனால் கித்தான் நிறைய உண்டு. கயிறு இழுக்கும் வின்ச்சின் கவர், எண்ணெய்க் குழாய் இணையும் மானிஃபோல்டின் கவர், தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் மூடி, ஏறி இறங்கும் காங்வேயின் வலை ஓரம் என்று எல்லாம் வெயிலிலும் உப்பிலும் நைந்து கிழியும். கிழிந்ததைத் தைப்பது டெக் ஆட்களின் வேலை. அவர்களுக்குத் தலைவர் போசன். போசன் ஸ்டோரில் இரண்டு மூன்று கைவார்கள் கிடக்கும். எல்லாமே வலக்கைக்கு.

எங்கள் போசன் இடக்கைக்காரர். மினிக்காய்த் தீவைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. கயிறு வேலையில் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஊசி எடுத்தால் அவருக்குத் திண்டாட்டம்தான். வலக்கைக் கைவாரை இடக்கையில் போட்டால் வில்லை புறங்கைக்குப் போய்விடும். உள்ளே வெளியே திருப்பிப் போட்டால் குழிகள் உள்ளங்கையைப் பார்க்கும். அதனால் வெல்டிங் கையுறையை மடித்து வைத்து ஊசியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஊசியின் காது கையுறையையும் தாண்டி வந்துவிடும். உள்ளங்கையில் காய்ப்பு ஏறி வெடித்திருந்தது.

“ஃபிட்டர், நம்ம கைக்கு ஒண்ணு செய்ய முடியுமா?” என்று கப்பலில் ஃபிட்டராகப் பட்டறை வேலை பார்க்கும் என்னிடம் மெஸ் ரூமில் கேட்டார்.

“கையை அளவெடுக்கணும் போசன், டீ குடிச்சிட்டு வாங்க” என்றேன்.

அப்படித் தொடங்கிய வேலை கைவாரோடு நிற்கவில்லை. கயிற்றுப் புரிகளைப் பிரிக்க ஒரு மரமுளை, ஊசிகள் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு குழல் என்று மூன்றாக வளர்ந்தது. தோல், மரம், பித்தளை மூன்றிலும் கை வைக்க எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

கப்பல் பட்டறையில் சொந்த வேலை செய்வதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலில் செகண்ட் இன்ஜினியரிடம் கேட்க வேண்டும். கடைசல் இயந்திரமான லேத்தை எப்போது தொடலாம், எந்தக் கழிவு உலோகத்தை எடுக்கலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. அடுத்தது ஓய்வு நேரம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். சொந்த வேலை என்றாலும் தூக்கத்தைத் தின்றுவிட்டு மறுநாள் புல்லி பிளாக் தூக்கப் போவது ஆபத்து. நான் இரவு உணவுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது, இன்ஜின் கண்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தனியாக லேத் ஓட்டுகிறவன் எங்கே இருக்கிறான் என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடமும் முக்கியம், நேரமும் முக்கியம். பெரிய இன்ஜின் ஓடும்போது தரை முழுக்க ஓர் அதிர்வு இருக்கும். நுணுக்கமாகக் கடையும்போது அது உலோகத்தின் மேல் வரிவரியாகத் தெரியும். கப்பல் உருளும்போது, வெட்டும் டூலைச் சுமந்து நகரும் சாடிலைப் பூட்டாமல் விட்டால் சாய்ந்த பக்கம் கைச்சக்கரம் தானே நகரப் பார்க்கும். அதனால் கடைசல் வேலையை எல்லாம் நங்கூரத்தில் கிடக்கும் நாட்களுக்கு ஒதுக்கினேன். நிலக்கரித் துறைமுகங்களின் வெளியே வரிசையில் நிற்பது, நிலக்கரி போன்ற சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியருக்குப் பழக்கம்தான். அப்போது ஜெனரேட்டர் மட்டும் ஓடும், லேத் அமைதியாக வெட்டும். தோல் தைப்பதைக் கடல் ஆடும்போதும் செய்யலாம், உட்கார்ந்த இடத்தில் முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் வில்லை. பித்தளையில் செய்தால் கடைவது சுலபம். ஆனால் ஊசியின் காது தினமும் குத்திக் குத்திக் குழிகள் பெரிதாகிவிடும். சாதா இரும்பில் செய்தால் தோல் கருத்துப்போகும். காரணத்தைத் தோலுக்கு வரும்போது சொல்கிறேன். ஆகவே 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய பம்ப் ஷாஃப்ட் வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று ஸ்கிராப் பெட்டியில் இருந்தது.

வடிவம் தொப்பி மாதிரி. கீழே 26 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. கனமுள்ள விளிம்பு. அதன்மேல் 19 மி.மீ. விட்டத்தில் 4 மி.மீ. உயரமுள்ள முகம். விளிம்பு இரண்டு தோல் அடுக்குக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், முகம் மட்டும் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். பசையோ ஆணியோ இல்லாமலே வில்லை காலத்துக்கும் நகராது. பார்ட்டிங் டூலால் வெட்டி எடுப்பதற்கு முன்பே முகத்தின் ஓரத்தை நன்றாக உருட்டிவிட வேண்டும். அப்புறம் அவ்வளவு சின்னத் துண்டைப் பிடித்துச் சீவுவது கஷ்டம்.

குழிகளைக் குறிக்கக் கவராயம் போதும். நடுவில் ஒன்று. 3.5 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் அதே வட்டத்தின் மேல் நடத்தினால் ஆறு புள்ளிகள் சரியாக விழும். வெளியே 7 மி.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம். அதிலும் அதே முறையில் ஆறு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்று என்று பன்னிரண்டு. மொத்தம் 19 குழிகள். இரண்டு குழிகளுக்கு நடுவே மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ சரியாகவோ வரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளை போடுகிறவர்கள் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடித்தாலும் தேய்த்தாலும் அந்த இடம் இறுகிவிடும். புள்ளி குறிக்கும் சென்டர் பஞ்ச்சை ஓங்கி அடித்தால் டிரில் அந்தப் புள்ளியில் ஏறாமல் வழுக்கும். மெதுவாக ஒரே ஒரு தட்டு. கூர்மையான சென்டர் டிரில், குறைந்த வேகம், வெட்டும் எண்ணெய், தயங்காத அழுத்தம். டிரில் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நின்றால் உடனே எடுத்துவிட்டுக் கூர்தீட்ட வேண்டும். நான் டிரில் மெஷினின் ஆழத் தடுப்பை வைத்து ஒவ்வொரு குழியையும் 1.2 மி.மீ. ஆழத்தில் நிறுத்தினேன். கூம்பு அடியில் ஊசியின் காது வழுக்காமல் உட்காரும். குழிகளின் வாயில் இருக்கும் பிசிறை மட்டும் கொஞ்சம் பெரிய டிரில்லைக் கையால் சுழற்றி எடுத்தேன். பிசிறை விட்டுவிட்டால் ஊசியின் காதைச் சீவி எடுத்துவிடும். பிறகு எமரித் தாளில் டீசல் தொட்டு முகத்தைத் தேய்த்தாயிற்று.

இனி தோல். கப்பலில் கிடைக்கும் தோல் என்றால் வெல்டிங் கையுறையும் ஏப்ரனும்தான். அவை குரோமியத்தில் பதனிட்டவை, தோலின் உட்பக்கத்தைப் பிளந்து எடுத்தவை. தீப்பொறி தாங்கும், ஆனால் ரப்பர் போல இழுபடும். எந்த வடிவத்தில் மடித்தாலும் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். கைவாருக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். ஒவ்வொரு முறை கப்பல் ஏறும்போதும் சென்னை பெரியமேட்டில் ஒரு சுருள் வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டுக்கொள்வது என் வழக்கம். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வந்த தோல்தான் உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று பேர் வாங்கியது. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. நனைத்துப் பிடித்தால் பிடித்த வடிவத்தில் நிற்கும், காய்ந்ததும் இறுகும். கைவாருக்கு அதுதானே வேண்டும்.

போசனின் விரல் முட்டிகளுக்குக் கீழே கையின் சுற்றளவு 230 மி.மீ. மாதிரி வெட்டுவதற்குப் பழைய கடல்வரைபடத் தாளை எடுத்தேன். எலெக்ட்ரானிக் வரைபடம் வந்த பிறகு ரத்தான காகித வரைபடங்கள் கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் கட்டுக்கட்டாக இருந்தன. கனமான, கிழியாத, மடித்தாலும் உடையாத தாள். தோல் மாதிரிக்கு இதைவிட நல்ல காகிதம் நான் பார்த்ததில்லை. செகண்ட் மேட்டிடம் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். உள்ளங்கைப் பக்கம் 60 மி.மீ. அகலம், புறங்கைக்குப் போகப் போகக் குறுகி 25. கட்டைவிரல் துளை முட்டை வடிவம். தாளைப் போசனின் கையில் சுற்றி, ஊசி பிடிப்பது போல விரலை மடக்கச் சொல்லி, வில்லை எங்கே வர வேண்டும் என்று பேனாவால் குறித்தேன். கையை விரித்து வைத்துக் குறித்தால் இடம் தப்பும். ஊசியைப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடிமேடு உள்ளே நகர்ந்து வரும். கடையில் வாங்கும் கைவார் பலருக்குச் சரியாக உட்காராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெளி அடுக்கு 3.5 மி.மீ. தோல், உள் அடுக்கு 2 மி.மீ. வெளி அடுக்கில் 19 மி.மீ. துளை போட ஸ்டோரில் இருந்த கேஸ்கெட் பஞ்ச் செட் கைகொடுத்தது. பேக்கிங் ஷீட்டில் போல்ட் துளை போடும் அதே பஞ்ச்தான், தோலிலும் சுத்தமாக வெட்டும். ஓரங்களைப் பழைய ஹேக்சா பிளேடில் தேய்த்துச் செய்த கத்தியால் சீவிச் சரிவாக்கினேன். சரிவாக்காத ஓரம் கையை அறுக்கும்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் வெளி அடுக்கை அமுக்கிப் பிடித்தேன். குமிழி வருவது நின்றால் தோல் நனைந்துவிட்டது என்று பொருள். உடனே வடிவம் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சில மணி நேரம் வைத்தால் ஈரம் உள்ளே சமமாகப் பரவும், மேல்தோல் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். அந்தப் பதத்தில் போசனின் கையில் மெல்லிய ரப்பர் கையுறை போட்டு, மேலே தோலைச் சுற்றி, ஒரு துடைப்பக் கம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மெஸ் ரூமில் படம் பார்த்துக்கொண்டே அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழற்றியபோது அவர் உள்ளங்கை மேடு, கட்டைவிரல் வளைவு எல்லாம் தோலில் அப்படியே இருந்தன.

காயவைப்பதில் அவசரம் கூடாது. இன்ஜின் ரூமின் சூடான மேல்தளத்தில் வைத்தால் நாலு மணி நேர வாட்ச் ஒன்றில் காய்ந்துவிடும், ஆனால் தோல் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். என் கேபினில் நூலில் தொங்கவிட்டேன். ஈரத் தோலை இரும்பு மேசையில் வைக்காமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். பதனிட்ட பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை கருப்பாகக் கறை விழும், அது போகாது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதுமை காய்ச்சுவார்களே, அதே வேலைதான் தோலில் நடக்கிறது. வில்லைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை எடுத்ததும் அதனால்தான். உள்ளங்கை வியர்வையில் இந்தத் தோல் என்றும் ஈரமாகவே இருக்கும்.

தையலுக்கு மெழுகிட்ட பாலியஸ்டர் பாய்நூல், இரண்டு ஊசி. குத்தூசி கப்பலில் இல்லை. உடைந்த ஊசி அரம் ஒன்றைக் கிரைண்டரில் பிடித்து, நுனியை வைர வடிவத்துக்குக் கொண்டுவந்து, மரப்பிடி போட்டேன். கிரைண்டரில் பிடிக்கும்போது இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும். நுனியில் நீலம் ஏறினால் பதம் போய்விட்டது, பிறகு தோலில் குத்தும்போது வளையும். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கவராயத்தால் கோடு இழுத்து, அதே கவராயத்தால் 4 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளை நடத்தினேன். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வெளியே வரும். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தனியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தையலையும் ஒரே இழுவையில், ஒரே பக்கம் பார்த்து இறுக்கினால் கோடு சாய்வாக அழகாக விழும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். கடல் கொஞ்சம் ஆடினாலும் கை தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

புறங்கையில் பக்கிள் வைக்கவில்லை. பித்தளைப் பக்கிள் இந்தத் தோலோடு சேர்ந்தால் உப்புக் காற்றில் பச்சையாகக் களிம்பு ஏறும், அது தோலையும் தின்னும். இரண்டு முனையிலும் துளைகள் போட்டுத் தோல் கயிற்றால் கட்டிவிட்டேன். கை வீங்கினாலும் மெலிந்தாலும் இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மரமுளை. கப்பலைத் துறையில் கட்டிவைக்கும் வடம் 60 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ளது, எட்டுப் புரி. அதில் ஸ்ப்ளைஸ் போட, அதாவது புரிகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி இணைக்க, புரிகளுக்கு நடுவே ஒன்றை நுழைத்து வாய் திறக்க வேண்டும். மார்லின்ஸ்பைக் என்ற இரும்பு முளை கம்பிவடத்துக்குச் சரி. செயற்கை இழையில் அதன் நுனி இழைகளைப் பிடுங்கி அறுக்கும். மரம் இழையைத் தள்ளி விலக்கும். அந்தக் காலத்தில் இதற்கு லிக்னம் விட்டே என்ற மரத்தைத் தேடினார்கள். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம், தானே எண்ணெய் கசியும். கப்பலின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும் ஸ்டெர்ன் டியூப் பேரிங்குகளுக்கே அதைப் போட்டார்கள். இன்று அந்த மரவகையின் வணிகம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது கழித்துப்போட்ட பைலட் ஏணி. துறைமுக வழிகாட்டி ஏறி வரும் கயிற்றேணி அது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2011ஆம் ஆண்டுத் தீர்மானம் ஏ.1045(27) அதன் படிகளுக்கு அளவு வகுத்திருக்கிறது. மரப்படி என்றால் கடின மரம், முடிச்சில்லாமல், ஒரே துண்டாக இருக்க வேண்டும். கயிறுகளுக்கு நடுவே 400 மி.மீ., அகலம் 115, கனம் 25 குறையக் கூடாது. ஏணியைக் கழிப்பது பெரும்பாலும் கயிறு நைந்ததால்தான், படிகள் நன்றாகவே இருக்கும். முடிச்சில்லாத கடின மரத்தை இப்படிச் சட்டமே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது! சீஃப் ஆபீசரிடம் கேட்டு மூன்று படிகள் எடுத்தேன். மிச்ச ஏணியை அவர் கண்முன்னாலேயே கயிறு கயிறாக வெட்டிப் போட்டோம். கழித்த ஏணியை யாரும் தெரியாமல் மறுபடி கட்டிவிடக் கூடாது. அதில் ஒரு மனிதன் தொங்கி ஏறுவான்.

சரக்கு அறையில் முட்டுக்கொடுக்க வரும் மரத்தையும் சிலர் எடுப்பார்கள். எடுப்பதானால் முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்டி’ என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, கவலையில்லை. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை நான் தொடுவதில்லை.

படிகளின் மேலுள்ள வழுக்காத வரிகளை இழைத்து எடுத்து, மூன்றையும் இரட்டைக் கலவை எப்பாக்ஸியால் ஒட்டி, வைஸில் இறுக்கி ஒரு நாள் விட்டேன். இன்ஜின் ரூம் சூட்டில் எப்பாக்ஸி சீக்கிரம் இறுகும். சின்னச் சின்ன அளவாகக் கலக்க வேண்டும். மறுநாள் லேத்தில் இரு முனைக்கும் நடுவே பிடித்துக் கடைந்தேன். அடிப்பக்கம் 46 மி.மீ., நுனி 14 மி.மீ., நீளம் 350. இவ்வளவு சரிவுக்கு, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை 16 மி.மீ. விலக்க வேண்டியிருக்கும். எங்கள் லேத்தில் அவ்வளவு நகராது. அதனால் படிப்படியாக, ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் விட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, படிகளின் மூலைகளை மர அரத்தால் ராவி ஒன்றாக்கினேன். பிறகு உப்புத்தாள். நுனி கூராக இருக்கக் கூடாது, சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருண்டிருந்தால் போதும்.

மரத்தூள் உலோக லேத்துக்கு எதிரி. படுகையில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பசையாகப் பிடித்துக்கொள்ளும், அடியில் துரு ஏறும். அட்டை வைத்துப் படுகையை மூடினேன். சுழலும் இடத்தின் பக்கத்தில் துணி மட்டும் கூடவே கூடாது. முடித்த அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டேன். உப்புத்தாள் தேய்க்கும் தூள் புகை டிடெக்டரையும் கூவவைக்கும், கண்ட்ரோல் ரூமில் முன்பே சொல்லி வையுங்கள். சீவல்களைக் கடலில் கொட்ட, கடல் மாசுத் தடுப்புக்கான மார்ப்பால் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு அனுமதிக்காது. அது கப்பலின் குப்பைக் கணக்கில் சேர வேண்டியது.

மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசினேன். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்காகவே நிற்கும். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும். அந்தக் குணத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இறுகும்போது சூடு வெளிவரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. நடுக்கடலில் பெயின்ட் ஸ்டோர் பக்கத்தில் அப்படி ஒரு துணி கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துணியைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி, அன்றே இன்சினரேட்டருக்குப் போகும் கழிவோடு கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேடட் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஊசிக் குழல் சின்ன வேலைதான். பாய் ஊசி முப்பட்டையாக இருக்கும், இழைகளை அறுக்காமல் விலக்கி நுழையும். அந்தப் பட்டைகளில் துரு வந்தால் ஊசி கித்தானில் சிக்கிக்கொள்ளும். முழுக்கப் பித்தளையில் குழல் செய்யலாம். ஆனால் உப்பு ஈரத்தில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகுதான் முதலில் அரிக்கும். ஓக் மரமும் ஆகாது, அதிலுள்ள அமிலம் எஃகைத் துருவாக்கும். என்னிடம் மிஞ்சியிருந்த ஏணிப்படி மரத்தை வைத்து உடல், வாயில் மட்டும் பித்தளை வளையம், பித்தளை மூடி என்று முடிவெடுத்தேன்.

உடல் 28 மி.மீ. விட்டம் வேண்டும். ஒற்றைப் படியில் வராது என்பதால் முளைக்கு ஒட்டிய கட்டையிலேயே ஒரு துண்டைக் கூடுதலாக விட்டிருந்தேன். டெயில்ஸ்டாக்கில் 12 மி.மீ. டிரில்லைப் பூட்டி 90 மி.மீ. ஆழத்துக்குத் துளை. ஒவ்வொரு 5 மில்லிமீட்டருக்கும் டிரில்லை வெளியே எடுத்துத் தூளை உதற வேண்டும். விட்டுவிட்டால் தூள் உள்ளே இறுகி, புகை வந்து, கட்டை பிளந்துவிடும். பித்தளை வேலைக்குக் கழித்த வால்வு ஸ்பிண்டில் ஒன்று. பித்தளை கடையும்போது டூலின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். எஃகுக்குத் தீட்டிய சாய்வோடு போனால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சீவல் சுருளாக வராது, ஊசித்தூளாகத் தெறிக்கும். கண்ணாடி இல்லாமல் நிற்கவே கூடாது.

மூடிக்கு மரை வெட்டவில்லை. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டேன். ஓ-ரிங் பெட்டி இல்லாத இன்ஜின் ரூம் கிடையாது. 2 மி.மீ. கனமுள்ள நைட்ரைல் ஓ-ரிங்குக்கு மூடியின் தண்டில் 1.6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி. அவ்வளவுதான். அமுக்கினால் உட்காரும், இழுத்தால் ‘டப்’ என்று வரும். ஈரக் காற்று உள்ளே போகாது, எண்ணெய்க்கு ஓ-ரிங் ஊதவும் ஊதாது. அடியில் லேத் எண்ணெயில் நனைத்த கம்பளித் துண்டு ஒன்றை வைத்து ஊசிகளைக் கூர் கீழாகப் போட்டாயிற்று.

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டு மாலுமிகள் எலும்பிலும் பல்லிலும் செதுக்கிய பொருட்கள் ஏராளமாக இருக்கின்றன. படம் செதுக்கிய பற்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் மனசு போவது எலும்பில் செய்த வேலைக் கருவிகள் பக்கம். இன்றைய பட்டறை வசதி இல்லாமல், ஆடும் தளத்தில் உட்கார்ந்து அவ்வளவு நேர்த்தியாக எடுத்திருக்கிறார்கள். அவற்றின் படங்களைப் பார்த்துத்தான் என் முளையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குமிழ் போல விட்டேன். உள்ளங்கையால் தட்டி இறக்க வசதியாக இருக்கிறது.

போசன் முதலில் தைத்தது முன்பக்க வின்ச்சின் கவர். இடக்கையில் கைவாரைக் கட்டிக்கொண்டு, மடித்த ஓரத்தில் ஊசியை வைத்து ஒரே தள்ளு. ஊசி மறுபக்கம் பாதி வந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் ஒரு முழ நீளம் தைத்தார். அப்புறம், “கட்டைவிரல் மடக்கும்போது இந்த ஓரம் இடிக்குது” என்று துளையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். அன்று மாலையே அந்த இடத்தில் 2 மி.மீ. சீவி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு வழவழப்பான மரக்கட்டையால் தேய்த்து மெருகேற்றினேன். சில வாரம் ஓடியதும் தோல் கை எண்ணெயைக் குடித்துப் பழுப்பேறி, தையல் வரிகள் அழுந்திப் படிந்துவிட்டன. வில்லை அசையவில்லை. கட்டுக் கயிறு மட்டும் நீண்டு தளர்ந்தது. அதை ஒரு துளை தள்ளிக் கட்டினார்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். பூஞ்சை தெரிந்தால் வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போகும், காய்ந்தபின் தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து லேசாகத் தடவலாம். எண்ணெயை அதிகம் ஊற்றினால் தோல் தொளதொளத்து வடிவம் இழக்கும். முளைக்கு ஸ்ப்ளைஸ் வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு போதும்.

முளை கப்பலோடே இருக்கட்டும் என்று போசன் ஸ்டோர் கணக்கில் ஏற்றியாயிற்று. கைவாரும் குழலும் போசனுடையவை. சைன் ஆஃப் ஆகி ஊருக்குப் போகும்போது அவற்றைக் கையில் எடுத்துப்போகும் பையில் வைக்க வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், விமான நிலையத்தில் ஊசிகளை எடுத்துவிடக்கூடும். வரைபடத் தாளில் வெட்டிய மாதிரியைப் பட்டறை மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வில்லையின் அளவுகளையும் அதிலேயே எழுதிவிட்டேன். ஏபி, அதாவது டெக் மாலுமி ஒருவர் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்கு வலக்கை, சுற்றளவு 245. தாளைத் திருப்பிப் போட்டு, கட்டைவிரல் துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.